ஏழு வயது மகனுக்கு ஏடிஎச்டி மதிப்பீடு: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கோயம்புத்தூரிலிருந்து வந்து எட்டு மாதங்களே ஆன நிலையில், உங்கள் ஏழு வயது மகனை ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகை இயக்கமும் சார்ந்த நிலை) மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்று வகுப்பாசிரியை சொன்னதைக் கேட்டுக் கலங்கிப்போய், "பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களா, மாத்திரையைக் கட்டாயப்படுத்துவார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். பதினான்கு ஆண்டுகளாக இங்கே வாழ்ந்து, முதலில் மகளுக்காகவும் பின்னர் கணவருக்காகவும் இதே வழியைக் கடந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். இரண்டுமே நடக்காது.

ஆசிரியை தம் ஐயத்தைத் தெரிவிக்கலாமே தவிர, நோயறிதல் அவர் கையில் இல்லை. மனநல மருத்துவர், குழந்தைநல மருத்துவர் அல்லது இதற்கெனப் பயிற்சி பெற்ற வல்லுநர்தான் அதைச் செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கேள்வித்தாள் மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. கவனக்குறைவு சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு, அல்லது மிகை இயக்கமும் பொறுமையின்மையும் சார்ந்த ஒன்பதில் குறைந்தது ஆறு, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது அவை தென்பட வேண்டும்.

உங்கள் மகன் விஷயத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இந்தக் கடைசி நிபந்தனையைத்தான். ஆங்கிலம் இன்னும் முழுதாகப் பிடிபடாத குழந்தை, வகுப்பில் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு மொழியே காரணமாக இருக்கலாம். எனவே அவன் ஊர்ப் பள்ளியில் எப்படி இருந்தான், தாத்தா பாட்டி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவானா, தமிழில் கதை சொன்னால் முடியும்வரை கேட்பானா என்பதையெல்லாம் மதிப்பிடுபவரிடம் விரிவாகச் சொல்லுங்கள். ஊர்ப் பள்ளியின் மதிப்பெண் அட்டை இருந்தால் வரவழையுங்கள். செவித்திறனையும் பார்வையையும் முதலிலேயே சோதித்துவிடுவது நல்லது. மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் முன்கூட்டியே கேளுங்கள், என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) கட்டணமின்றி ஏற்பாடு செய்யும். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று யாராவது அறிவுரை சொன்னால், தயவுசெய்து ஏற்காதீர்கள்.

நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கான படிவத்தை நிரப்பியபோது, பிள்ளையின் குறையை ஊராரிடம் சொல்லக் கூடாது என்ற பழக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டது. காலையில் ஒரு காலுறையைப் போட வைக்க அரைமணி நேரம் ஆவதையும், வீட்டுப்பாடத்துக்கு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருப்பதையும் மறைத்து, பெரும்பாலான கேள்விகளுக்கு "எப்போதாவது" என்றே குறித்தேன். பள்ளி ஒன்று சொல்ல, வீடு வேறொன்று சொல்ல, முடிவுக்கு வர இயலாது என்று கோப்பை மூடிவிட்டார்கள். மீண்டும் தொடங்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மகள் ஓடித் திரியும் பிள்ளையும் அல்லள், அமைதியாகக் கனவில் இருப்பவள். பெண் குழந்தைகள் பலர் இப்படித்தான் கவனிக்கப்படாமல் போகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

காத்திருப்பு பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இங்கிலாந்தில் "ரைட் டு சூஸ்" என்ற உரிமையின்படி, என்எச்எஸ் ஒப்பந்தமுள்ள வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பும்படி உங்கள் குடும்ப மருத்துவரான ஜிபியிடம் கேட்கலாம். அங்கே குழந்தைகளைப் பார்க்கிறார்களா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இந்த உரிமை இல்லை. சொந்தப் பணத்தில் தனியாரிடம் போவதாக இருந்தால், பின்னாளில் மருந்துச் சீட்டைத் தம் பொறுப்பில் எழுத உங்கள் ஜிபி ஒப்புவாரா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், ஏனெனில் மறுக்க அவருக்கு இடமுண்டு.

மருந்தைப் பொறுத்தவரை, ஐந்து வயதைக் கடந்த குழந்தைக்கும் அது முதற்படி அன்று. பெற்றோருக்கு விளக்கமும் வழிகாட்டலும் தந்து, வகுப்பறையிலும் வீட்டிலும் மாற்றங்கள் செய்து பார்த்த பிறகும் இடர்ப்பாடு குறையாவிட்டால்தான் மருந்து பற்றிப் பேசுவார்கள். அப்போதும் உங்கள் இசைவு வேண்டும். வழக்கமாக முதலில் தருவது மெத்தில்பெனிடேட். தொடங்குமுன் உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பதோடு, நெருங்கிய உறவில் நாற்பது வயதுக்குள் திடீரென இறந்தவர் உண்டா என்றும் கேட்பார்கள். குடும்பத்தில் அப்படி ஒரு துயரம் நேர்ந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிறிய அளவில் தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவார்கள். பசி குறைவதே நாங்கள் கண்ட பெரிய தொல்லை. எனவே மாத்திரைக்கு முன்பே இரண்டு தோசை சாப்பிட வைத்து, மருந்தின் வேகம் தணியும் மாலையில் நிறைவான சாப்பாட்டைக் கொடுக்கப் பழகினோம். பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை.

மகளின் படிவத்தை இரண்டாம் முறை உண்மையாக நிரப்பியபோது, ஒவ்வொரு கேள்வியிலும் தம்மையே பார்த்ததாகக் கணவர் சொன்னார். இது குடும்ப வழியாக வருவது மிகவும் அதிகம். பதினேழு வயது முதல் ஐந்து அறிகுறிகள் போதும். ஆனால் இளமையிலேயே இருந்ததற்குச் சான்று வேண்டும். கும்பகோணத்திலிருந்த என் மாமியாரைத் தொலைபேசியில் அழைத்தோம். "அவன் தங்கமான பிள்ளை" என்று தொடங்கியவர், மாதம் ஒரு குடையைத் தொலைத்ததையும், விடைத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பாமலே கொடுத்துவிட்டு வந்ததையும் பேசப் பேச நினைவுகூர்ந்தார். நாற்பத்தொரு வயதில் தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வதைக் கணவர் நிறுத்தியதை அருகிலிருந்து பார்த்தேன். உங்கள் கணவரோ நீங்களோ இப்படி உணர்ந்தால், அதையும் மதிப்பிடுபவரிடம் சொல்லுங்கள்.

இந்த வாரமே பள்ளியின் சென்கோவுக்கு (சிறப்புக் கல்வி உதவியை ஒருங்கிணைக்கும் ஆசிரியர்) மின்னஞ்சல் அனுப்பிச் சந்திக்க நேரம் கேளுங்கள். நோயறிதல் வரும்வரை உதவியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முன்வரிசை இருக்கை, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, இடையிடையே எழுந்து நடக்க அனுமதி ஆகியவற்றை இப்போதே கேட்கலாம். வகுப்பில் காண்பதை எழுத்தில் தரும்படியும் கேட்டு வாங்கி, அந்தத் தாளோடு ஜிபியிடம் செல்லுங்கள்.