வண்டி அடி தட்டுகிறதா? ஸ்கிட் பிளேட் பற்றிக் கேளுங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டத்து ஜீப், மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி என்று 18 வருடமாக வண்டிக்கு அடியில் படுத்தே வேலை. ஸ்கிட் பிளேட் என்பது கல் தட்டினாலும் உள்ளே அடிபடாமல் வண்டிக்கு அடியில் மாட்டும் தகடு. அடிப்பாதுகாப்புக்கு எதைப் போடுவது, எதை விடுவது என்று பலரும் கேட்டதற்கு என் பதில்கள் இவை.

அண்ணே, தார் டீசல் எடுத்து மூன்று மாதம் ஆகிறது. என்ஜின், கியர்பாக்ஸ், டேங்க் எல்லாவற்றுக்கும் முழு செட் போடச் சொல்கிறார்கள். தேவையா? (ஈரோடு)

பிளேட் வாங்கும் முன் ஒரு அட்டையை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுங்கள் தம்பி. மூன்று மாதம் ஓட்டிய வண்டி எங்கே தட்டியிருக்கிறது என்பதை அதுவே காட்டும். கறுப்புப் பெயிண்ட் உரிந்து வெள்ளிக் கோடாக மின்னும். கோடு முன்பக்கம் கிராஸ்மெம்பரில் (வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் குறுக்குச் சட்டம்) இருந்தால், சேம்பருக்கு (என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பிளேட் முதலில். நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பக்கம் இருந்தால் மேடு தாண்டும்போது வயிறு தட்டுகிறது, அங்கே போடுங்கள். கோடே இல்லையென்றால் இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.

ஒன்றுதான் போட முடியும் என்றால் தாருக்கு முன்பக்கம். 226 மி.மீ. கிரௌண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி அடிக்கும் உள்ள இடைவெளி, என்பது வண்டி நிற்கும்போது. புதிய தாரில் முன் சஸ்பென்ஷன் தனித்தனியாக ஏறி இறங்குவது. பிரேக் பிடித்தாலோ, பள்ளத்தில் இறங்கினாலோ முன்பக்கம் தாழ்ந்து அந்த உயரம் குறைந்துவிடும். சேம்பர் இருப்பதும் அங்கேதான்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய ஜீப்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த ஓட்டுநர்கள் பெரிய கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடவே மாட்டார்கள். டயரை அதன் மேலேயே ஏற்றிவிடுவார்கள். இந்தப் பழக்கம் வராதவருக்கு எவ்வளவு தடித்த பிளேட் போட்டாலும் போதாது.

சார், ஜிம்னியில் பிளேட் போட்ட பிறகும் பின்னால் 'டங்'கென்று அடிக்கிறது. பிளேட் சரியில்லையா? (கோவை)

பிளேட்டில் குறை இருக்காது சார். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்சில். 210 மி.மீ. என்று சொல்லும் இடம் அந்த ஆக்சிலில் உருண்டையாகத் தொங்கும் டிஃப்ரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி). நீங்கள் போட்ட பிளேட் சேசிஸில் இருக்கிறது, டிஃப்ரன்ஷியல் அதற்கும் கீழே இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் உயரும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். அதிலும் கணக்குப் பாருங்கள்: கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் ஏறக்குறைய 693 மி.மீ. 215/75 போட்டால் 703. டிஃப்ரன்ஷியலுக்குக் கிடைப்பது அதில் பாதி, 5 மி.மீ.! அதனால் அந்த டிஃப்ரன்ஷியல் உருண்டைக்குத் தனியாக ஒரு கார்டு போடுங்கள். பின் ஆக்சிலில் கன்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் கை) பிடிக்கும் பிராக்கெட்டும் தாழ்ந்துதான் இருக்கும், அதையும் பாருங்கள்.

இரும்பா, அலுமினியமா? பிளாஸ்டிக்கில்கூட வருகிறதாமே. (திண்டுக்கல்)

எடையிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு சதுர மீட்டருக்கு 3 மி.மீ. இரும்பு கிட்டத்தட்ட 23.5 கிலோ. 6 மி.மீ. அலுமினியம் 16 கிலோ. இரண்டு மடங்கு தடிமன் இருந்தும் அலுமினியம்தான் லேசு.

ஆனால் பாறையில் நடப்பது வேறு. இரும்பு கல்லின் மேல் சறுக்கும். அலுமினியம் மென்மையானது. கல்லின் முனை அதில் உழுதுகொண்டு போகும், வண்டி அங்கேயே பிடித்து நிற்கும். கழற்றி வந்த அலுமினியப் பிளேட்டுகளில் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் பார்த்திருக்கிறேன். வழுக்குப் பாறையில் ஏறும்போது பாதியில் அப்படி நிற்பது ஆபத்து. இரும்பு நசுங்கினாலும் ஊர்ப் பட்டறையில் சூடு காட்டிச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். கெட்டி பாலித்தீன் தகடு நன்றாகச் சறுக்கும், துருப்பிடிக்காது, ஆனால் சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் ஆகாது.

பாறைக்கு இரும்பு, மண் ரோட்டுக்கும் நீண்ட பயணத்துக்கும் அலுமினியம். நான் என் வண்டிக்கு இரும்புதான் போட்டிருக்கிறேன்.

கடற்கரை மணலில் ஓட்டுகிறேன். எனக்கும் இரும்பா? (ராமநாதபுரம்)

உங்களுக்கு அலுமினியம். மணலில் அடிக்கக் கல் இல்லை, உப்புதான் எதிரி. ஆனால் இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். ரப்பர் அல்லது நைலான் வாஷர் வைத்துப் பிரியுங்கள்.

உள்ளூர் லேத்தில் செய்து தருகிறார்கள், விலை பாதிதான். செய்யலாமா? (தேனி)

தாராளமாகச் செய்யலாம். நல்ல கைகள் நம் ஊரில் நிறைய உண்டு. ஆனால் பக்கத்தில் நின்று சில விஷயங்களைப் பாருங்கள்.

சேசிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். அந்தச் சூட்டில் வெல்டிங் ஓரத்தில் இரும்பு பலவீனமாகி, அங்கேதான் பின்னால் விரிசல் விடும். ஏற்கெனவே இருக்கும் துளைகளில் பிராக்கெட் வைத்துப் போல்டில் பிடிக்க வேண்டும். 8.8 என்று (வலிமையைக் காட்டும் எண்) தலையில் அடித்த போல்டே வேண்டும். அந்தத் தலை பிளேட்டுக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்தால் முதல் பாறையே சீவிவிடும், அப்புறம் கழற்றவே முடியாது. தகட்டைக் குழித்துத் தலையை உள்ளே அமர்த்தச் சொல்லுங்கள்.

பிளேட்டின் முன் ஓரமும் பின் ஓரமும் மேலே மடிந்திருக்க வேண்டும். மடிக்காவிட்டால் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் ஓரம் கலப்பைபோல மண்ணைக் கோரும். இரண்டு பிளேட் சேரும் இடத்தில் முன் பிளேட் கீழேயும், பின் பிளேட் அதன் மேலேயும் இருந்தால்தான் கல் தடையில்லாமல் வழுக்கிப் போகும்.

சேம்பருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் பிளேட் வளைந்ததுமே சேம்பரை அதுவே உடைக்கும். தோட்டத்து ஜீப் ஒன்றுக்கு ஆரம்ப நாளில் 2 மி.மீ. தகட்டை ஒட்டிப் போட்டேன். ஒரே ஒரு கல், தகட்டோடு சேம்பரும் உள்ளே போய்விட்டது. அந்த ஓட்டுநர் இருட்டில் ஆறு கிலோமீட்டர் நடந்து வந்தார். அன்றிலிருந்து இரும்பு 3 மி.மீ.க்குக் குறைந்து நான் போடுவதில்லை.

ஆயில் இறக்கவும் ஃபில்டர் கழற்றவும் வழி விடச் சொல்ல மறக்காதீர்கள்.

கீழே முழுதும் மூடினால் சூடு ஏறாதா? (சேலம்)

ஏறும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்றுக்குக் கீழேயும் ஒரு வழி வேண்டும், அதனால் துளைகள் அவசியம். சைலன்சரை, அதிலும் டீசல் வண்டியில் புகை வடிகட்டி இருக்கும் பகுதியை மூடவே கூடாது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது சுமார் 600 டிகிரிக்குப் போகும். பங்குனி மாதம் ஒரு பண்ணையில் பிளேட்டுக்கு மேல் அடைந்த காய்ந்த புல் புகைய ஆரம்பித்தது. தண்ணீர் கேன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் வண்டி தப்பியது. புல்வெளியில் ஓட்டினால் நடுநடுவே இறங்கிக் குனிந்து பாருங்கள்.

சைடு ஸ்டெப் இருக்கிறது. ராக் ஸ்லைடர் தனியாக வேண்டுமா? (மதுரை)

வேண்டும். ராக் ஸ்லைடர் என்பது கதவுக்குக் கீழே பக்கவாட்டில் மாட்டும் கெட்டிக் குழாய். ஸ்டெப் காலை வைக்க மட்டும்தான். பாறையில் வண்டி உட்கார்ந்தால் அது மடிந்து கதவுக்குக் கீழே உள்ள தகட்டையும் சேர்த்து நசுக்கும். சேசிஸில் பிடித்த ஸ்லைடர் வண்டியின் எடையையே தாங்கும்.

ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடித்தால் போதாதா? (கரூர்)

அது துருவுக்கு. கல்லுக்கு இல்லை.

ஸ்கிட் பிளேட் போட்டால் போலீஸ் பிடிப்பார்களா? (சென்னை)

2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் நடவடிக்கை எடுக்கச் சொன்னது முன் பம்பரில் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் மீது. ஸ்கிட் பிளேட் வேறு. ஆனால் அதை பம்பரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், மோதும்போது நசுங்க வேண்டிய பகுதி நசுங்காமல் போகும். வாரண்டி இருக்கும் வண்டியென்றால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டுவிடுங்கள்.

போட்ட பிறகு என்ன பராமரிப்பு? (உடுமலை)

ஒவ்வொரு மலைப் பயணத்துக்குப் பிறகும் போல்டுகளை இறுக்கிப் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் விடும்போது பிளேட்டுக்கு மேலேயும் அடிக்கச் சொல்லுங்கள். அங்கே தங்கும் சேறு ஈரத்தோடு உட்கார்ந்து சேசிஸைத் தின்னும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை முழுதாகக் கழற்றுங்கள்.

மலையில் சேம்பர் உடைந்தே விட்டால்? (வால்பாறை)

ஆயில் விளக்கு எரிந்த நொடியே என்ஜினை நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் என்ஜினே போய்விடும். சிறு விரிசல் என்றால் மீதி ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்து, என்ஜின் நன்றாக ஆறியபின் அந்த இடத்தைத் துணியில் பெட்ரோல் தொட்டு எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, எம்-சீல் (பிசைந்து ஒட்டினால் இறுகும் பசை) பிசைந்து அழுத்துங்கள். இறுகும் வரை காத்திருந்து, ஆயிலை ஊற்றி, கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே மெதுவாக இறங்கலாம். என் வண்டியில் இரண்டு எம்-சீல் பாக்கெட், பழைய துணி, ஐந்து லிட்டர் ஆயில் எப்போதும் பின் சீட்டுக்கு அடியில் இருக்கும்.