சிறைவாசலைத் தாண்டிய முதல் ஐந்து வாரங்கள்: கேள்வி பதில்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறையிலிருந்து விடுதலையாகும் தமிழர்களும் அவர்களது குடும்பத்தினரும் அரச கொடுப்பனவுகளைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, ஆலோசனை நிலையமொன்றில் பல ஆண்டுகளாகத் தொண்டராக இருந்துவருபவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். "அவர் உள்ளே இருக்கிறார்" என்பதைக் குரலைத் தாழ்த்தியே சொல்லிப் பழகிவிட்ட நமக்கு, பெயரில்லாமல் கேட்பதுதான் சுலபம்.

கேள்வி: ஐயா, இங்கே பிறந்து வளர்ந்த என் மகன் 14 மாதங்கள் உள்ளே இருந்துவிட்டு அடுத்த மாதம் வெளியே வருகிறான். அவனுக்கு 26 வயது. வாசலிலேயே அரசாங்கம் பணம் கொடுத்து அனுப்பும் என்கிறார்கள். அது எத்தனை நாளுக்குப் போதும்? (ஒரு தாய்)

பதில்: அம்மா, அப்படியொரு தொகை இருப்பது உண்மைதான்; ஆனால் அதை நம்பி எந்தக் கணக்கும் போட்டுவிட வேண்டாம். நீண்ட காலமாக 46 பவுணாகவே இருந்த அந்த விடுதலைப் பணம் 2021 ஆகஸ்டில்தான் 76 பவுணாக உயர்ந்தது. அதன் பிறகு விலைவாசிக்கேற்ப இடையிடையே கூட்டப்படுகிறது. வாசலைத் தாண்டி வருபவர் கையில் பெரும்பாலும் இருப்பவை, உடுப்புகள் திணித்த ஒரு பிளாஸ்டிக் பை, நிபந்தனைகள் அச்சிட்ட விடுதலைப் பத்திரம், ஊர் போய்ச் சேருவதற்கான பயணச்சீட்டு, இந்தப் பணம் ஆகியவையே. இது முதல் சில நாள்களின் சாப்பாட்டுக்கானது. எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை.

அவனுக்கு உண்மையான ஆதாரமாக இருக்கப்போவது யுனிவர்சல் கிரெடிட், அதாவது வேலையில்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசு மாதாமாதம் தரும் கொடுப்பனவு. சிறையில் இருக்கும்போது அதற்குப் புதிதாக விண்ணப்பித்துப் பணம் பெற முடியாது. விடுதலையாகும் நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். ஒரு மாதம் முழுவதும் மதிப்பிட்டு, அதன்பின் மேலும் ஒரு வாரம் வரை எடுத்துக்கொண்டே முதல் கொடுப்பனவை அனுப்புவதால், ஏறத்தாழ ஐந்து வாரங்கள் வெறுங்கையோடு இருக்க நேரும். அந்த இடைவெளிக்காகத்தான் முற்பணம் என்ற ஏற்பாடு இருக்கிறது. முதல் மாதத் தொகை முழுவதையும் கூட முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். விடுதலையான அன்றே கேட்கலாம்.

ஆனால் அது கடன். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஓராண்டுக்கு, 25 வயதுக்கு மேற்பட்ட தனியாள் ஒருவருக்கான அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண். அந்த முழுத் தொகையையும் முற்பணமாக எடுத்து 24 மாதங்களில் திருப்பிச் செலுத்தினால் மாதாமாதம் ஏறத்தாழ 16 பவுண் 67 பென்ஸ் பிடிபடும். அவன் உங்களோடு வந்து தங்குவதாக இருந்தால், தேவையான அளவை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கையில் காசைப் பார்க்காமல் ஓராண்டுக்கு மேல் இருந்தவனுக்கு முழுத்தொகையையும் வாங்கிவிடும் ஆசை வருவது இயல்பு. அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: அண்ணன் விடுதலையாவதற்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. வெளியில் இருக்கும் நாங்கள் இப்போதே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? (ஒரு தம்பி)

பதில்: உண்டு. பணம் தாமதமானவர்களில் நான் பார்த்த பெரும்பாலானோருக்குச் சட்டம் தடையாக இருந்ததில்லை. ஒரு தாளோ ஓர் இலக்கமோ குறைந்ததுதான் தடையாக இருந்தது.

முதலில் வங்கிக் கணக்கு. யுனிவர்சல் கிரெடிட் கணக்கில்தான் விழும். பழைய கணக்கு இன்னமும் இயங்குகிறதா என்று பாருங்கள். நீண்ட நாள் தொடாத கணக்கை வங்கி முடக்கியிருக்கக்கூடும். கணக்கே இல்லையென்றால், சிறைக்குள் இருந்தபடியே அடிப்படைக் கணக்கு ஒன்றைத் திறக்கும் ஏற்பாடு பல சிறைகளில் இருக்கிறது. கடவுச்சீட்டோ ஓட்டுநர் உரிமமோ இல்லாதவர்களுக்குச் சிறை நிர்வாகம் ஆளை உறுதிப்படுத்திக் கையொப்பமிடும் படிவத்தையே வங்கி ஏற்றுக்கொள்கிறது. அண்ணனை அங்குள்ள அலுவலரிடம் இதை வாயால் கேட்கச் சொல்லாமல் எழுத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வாயால் கேட்டது அலுவலர் மாறும்போது மறைந்துவிடும்.

இரண்டாவது, தேசியக் காப்புறுதி இலக்கம், அதாவது வேலைக்கும் கொடுப்பனவுகளுக்கும் ஒவ்வொருவருக்கும் உள்ள தனி எண். வீட்டில் பழைய சம்பளச் சீட்டோ வரிக் கடிதமோ கிடந்தால் அதில் இருக்கும். தேடி எடுத்து அனுப்புங்கள்.

மூன்றாவது, யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: தொலைபேசி இலக்கம். சில ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டு வந்த ஒருவர் எங்கள் நிலையத்திற்கு எல்லாத் தாள்களையும் ஒழுங்காக அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். கணக்கு இருந்தது, மின்னஞ்சல் இருந்தது, கடவுச்சொல் கூட நினைவில் இருந்தது. உள்ளே நுழைய அழுத்தியதும் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று அவரது பழைய இலக்கத்திற்குப் போனது. அந்த இலக்கம் எப்போதோ வேறொருவர் கைக்குப் போய்விட்டிருந்தது. அந்த ஒரு குறியீட்டுக்காக அவர் ஒன்பது நாள்கள் அலைந்தார். அண்ணனின் சிம் அட்டையில் இடையிடையே சிறு தொகை போட்டு அதை உயிரோடு வைத்திருங்கள்.

நான்காவது, ஜொப் சென்டர் எனப்படும் அரச வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து சிறைக்குள் வந்துபோகும் வேலை ஆலோசகர். விடுதலைக்கு முன்பே இவரைச் சந்தித்தால், வெளியே வரும் நாளுக்கான நேர ஒதுக்கீட்டை அவர் பெற்றுத் தருவார். கேட்பவர்களுக்குத்தான் அவர் கண்ணில் படுகிறார் என்பது என் அனுபவம்.

கேள்வி: கணவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டு நான்கு மாதங்களாகின்றன. இருவர் பெயரிலும் இருந்த யுனிவர்சல் கிரெடிட்டை நான் இன்னும் மாற்றவில்லை. மாற்றினால் பிள்ளைகளுக்கான பணமும் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (இரு பிள்ளைகளின் தாய்)

பதில்: தங்கச்சி, இன்றைக்கே மாற்றுங்கள். உங்கள் பங்கும் பிள்ளைகளின் பங்கும் வாடகைப் பங்கும் உங்கள் பெயரில் தொடரும். குறையப்போவது அவருக்கான பகுதி மட்டுமே. சொல்லாமல் விட்டால், இந்த நான்கு மாதங்களில் கூடுதலாக வந்த தொகை முழுவதையும் பின்னர் திருப்பிக் கேட்பார்கள். அவர் வீடு திரும்பும் நேரத்தில் அந்தக் கடனும் வாசலில் நிற்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் இருக்கிறது. கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி மன்றம் வீடுகளுக்கு விதிக்கும் கவுன்சில் வரிக் கணக்கில், சிறையில் இருப்பவர் வீட்டிலுள்ள ஆளாக எண்ணப்படுவதில்லை. வீட்டில் வயது வந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் உங்களுக்கு 25% கழிவு உண்டு. அவர் உள்ளே போன நாளிலிருந்தே கணக்கிடும்படி கவுன்சிலுக்கு எழுதுங்கள். (அபராதத்தையோ கவுன்சில் வரியையோ கட்டாததற்காகச் சிறை சென்றவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.)

அவர் திரும்பி உங்களோடு வாழத் தொடங்கும் நாளில் அதையும் அறிவிக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் கணக்கில் அவர் சேர்வதால் ஐந்து வாரக் காத்திருப்பு மறுபடியும் தொடங்காது. அதனால்தான், வீட்டில் ஒருவரது கணக்கை ஒழுங்காக உயிரோடு வைத்திருப்பது திரும்பி வருபவருக்கும் உதவி என்கிறேன்.

கேள்வி: என் தம்பி ஏழு மாதங்கள் விளக்கமறியலில் இருந்து, வழக்கில் குற்றவாளி அல்ல என்று விடுவிக்கப்பட்டான். அவனுக்கு வந்துகொண்டிருந்த பிஐபி எனப்படும் ஊனமுற்றோர் கொடுப்பனவு இடையில் நின்றுவிட்டது. ஏழு மாதத்துக்கும் சேர்த்துக் கேட்கலாமா? (ஓர் அக்கா)

பதில்: இதற்கு நான் தரும் பதில் உங்களுக்கு அநியாயமாகவே படும், எனக்கும் அப்படித்தான் படுகிறது. பிஐபி, விளக்கமறியலாயினும் தண்டனையாயினும், 28 நாள்களுக்குப் பிறகு நின்றுவிடும். குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தாலும் அந்த மாதங்களுக்கான நிலுவை கிடையாது.

ஆனால் நின்றது பணம்தான், உரிமை அல்ல. முன்பு வழங்கப்பட்ட காலம் இன்னும் முடியவில்லையென்றால், அவன் புதிதாக விண்ணப்பித்து மறுபடியும் மதிப்பீட்டுக்குப் போகத் தேவையில்லை. விடுதலையான திகதியை அறிவித்தாலே கொடுப்பனவு மீண்டும் ஓடத் தொடங்கும். இதை அறியாமல் புதிய படிவத்தை நிரப்பத் தொடங்கிப் பல மாதங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு 69 வயது. இரண்டாண்டுகள் உள்ளே இருந்தேன். ஓய்வூதியம் சேர்ந்து கிடக்கும் என்று நம்பியிருந்தேன்.

பதில்: ஐயா, தண்டனைக் காலத்துக்கான அரச ஓய்வூதியம் சேர்ந்து கிடப்பதில்லை, அது போனது போனதுதான். விளக்கமறியலில் மட்டும் இருந்து, பின்னர் சிறைத்தண்டனை கிடைக்காதவர்களுக்கே நிலுவை உண்டு. விடுதலைத் திகதியை ஓய்வூதியச் சேவைக்கு உடனே அறிவியுங்கள். வருமானம் குறைவென்றால் ஓய்வூதியக் கிரெடிட்டுக்கும் விண்ணப்பியுங்கள். தகுதி இருந்திருந்தால் மூன்று மாதங்கள் வரை பின்னோக்கிக் கேட்கலாம், ஆனால் சிறையில் இருந்த நாள்கள் அதில் சேரா.

இளையவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். புதிய அரச ஓய்வூதியத்தை முழுமையாகப் பெறப் பொதுவாக 35 ஆண்டுகாலக் காப்புறுதிப் பதிவு வேண்டும். சிறையில் கழிந்த ஆண்டுகள் சாதாரணமாக அதில் வெற்றிடமாகவே இருக்கும்.

கேள்வி: வாடகை வீடு போய்விட்டது, உறவினர் யாரும் ஏற்கத் தயாரில்லை. முகவரி இல்லாதவனுக்குக் கொடுப்பனவு கிடைக்குமா? (விடுதலைக்காகக் காத்திருப்பவர், நண்பர் மூலமாக)

பதில்: கிடைக்கும். தங்குவிடுதியின் முகவரியையோ, அதுவும் இல்லையென்றால் ஜொப் சென்டரின் முகவரியையோ கொடுத்து விண்ணப்பிக்கலாம். முகவரி இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், அவர் விதியைச் சரியாக அறியாதவர்.

கூரையைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். வீடற்ற நிலைக்கு ஆளாகக்கூடிய ஒருவரை, அவரது சம்மதத்தோடு, முன்கூட்டியே கவுன்சிலுக்குத் தெரிவிப்பது இங்கிலாந்துச் சிறைகளின் சட்டபூர்வக் கடமை. 2017ஆம் ஆண்டின் வீடின்மைக் குறைப்புச் சட்டம் அதைக் கொண்டுவந்தது, 2018 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 56 நாள்களுக்குள் வீடிழக்கும் அபாயம் இருந்தால் கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும். எனவே விடுதலைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, "என்னைக் கவுன்சிலுக்குப் பரிந்துரைத்தீர்களா, எந்தத் திகதியில்?" என்று எழுதிக் கேளுங்கள். திகதியைக் கேட்பதுதான் முக்கியம். நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் விடுதலையாகும் வீடற்றவர்களுக்கு 84 இரவுகள் வரை தற்காலிகத் தங்குமிடம் தரும் திட்டமும் இருக்கிறது. அதற்கு அந்த அதிகாரியே பரிந்துரைக்க வேண்டும், நீங்களாக விண்ணப்பிக்க முடியாது.

குறுகிய தண்டனை பெற்று இப்போதுதான் உள்ளே போயிருப்பவர்களின் குடும்பத்துக்கும் ஒரு சொல். தனியாக வாழ்ந்தவர், முன்பே யுனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பங்கு பெற்றுவந்தவர், ஆறு மாதங்களுக்குள் வெளியே வர வாய்ப்புள்ளவர் என்றால், அந்த வாடகைப் பங்கு தொடர்ந்து கிடைக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுச் சாவியை அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு நிரந்தர வதிவிட அனுமதி இருந்தது. உள்ளே இருந்தபோது அவரது வதிவிட அட்டை காலாவதியாகிவிட்டது. இனி எதுவுமே கேட்க முடியாதா?

பதில்: இதில் இரண்டு வெவ்வேறு விடயங்கள் இருக்கின்றன. அட்டை காலாவதியானதால் வதிவிட உரிமை போய்விடாது. மின்னணு விசா முறை வந்ததால் பெரும்பாலான அட்டைகளில் 2024 டிசம்பர் 31 என்றே முடிவுத் திகதி அச்சிடப்பட்டிருந்தது. உள்துறை அமைச்சின் இணையக் கணக்கைத் திறந்து, அங்கிருந்து நிலையை நிரூபிக்கலாம்.

இரண்டாவது கடினமானது. பிரித்தானியக் குடியுரிமை இல்லாத ஒருவருக்கு 12 மாதங்களோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சில விதிவிலக்குகள் தவிர, நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கும். நிரந்தர வதிவிட அனுமதி உள்ளவர்களும் இதற்கு உட்பட்டவர்களே. அப்படியானால் கொடுப்பனவு பற்றி யோசிப்பதற்கு முன்னர், பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரையோ சட்டத்தரணியையோ பாருங்கள். தெரிந்தவர் என்பதற்காகப் பதிவில்லாத ஒருவரிடம் பணம் கொடுத்துப் படிவம் நிரப்பாதீர்கள். விசாவில் "அரச நிதி பெற முடியாது" என்ற நிபந்தனை இருப்பவர்கள் யுனிவர்சல் கிரெடிட் கேட்கவே கூடாது; கேட்பது விசாவையே பாதிக்கும். அத்தகைய வீட்டில் பிள்ளைகள் தவித்தால், 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ் கவுன்சிலின் சிறுவர் சேவையிடம் உதவி கேட்கலாம்; அது அந்த நிபந்தனைக்குள் வராது.

கேள்வி: முற்பணத்தோடு பழைய நீதிமன்ற அபராதமும் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் மிஞ்சுவது என்ன?

பதில்: 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து பொதுவான உச்சவரம்பு அடிப்படைத் தொகையின் 15%, அதற்கு முன் 25% ஆக இருந்தது. வாடகை நிலுவை போன்ற சிலவற்றுக்காக அதைத் தாண்டிப் பிடிக்கவும் இடமுண்டு. தாங்க முடியவில்லையென்றால் குறைக்கும்படி கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு விடுதலை வெள்ளிக்கிழமை என்கிறார்கள். ஆங்கிலமும் அவ்வளவாகத் தெரியாது. நான் பள்ளிக்கு விடுப்பெடுத்துக்கொண்டு ஜொப் சென்டருக்கு மொழிபெயர்க்கப் போகட்டுமா? (15 வயது மகள்)

பதில்: போக வேண்டாம், மகளே. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் அவர்களே தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்வார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றி அப்பாவின் நன்னடத்தை அதிகாரியிடம் அம்மாவைப் பேசச் சொல். வெள்ளியன்று வெளியே வருபவர்கள் அலுவலகங்கள் மூடும் வேளையில் அலைந்து, வார இறுதி முழுவதும் வெறுங்கையோடு நிற்பதைத் தவிர்ப்பதற்காகவே 2023இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி விடுதலையை இரண்டு நாள் வரை முன்னே கொண்டுவரலாம். அது தானாக நடப்பதில்லை, கேட்க வேண்டும். புதன்கிழமை கிடைத்தால், அன்று பிற்பகலிலேயே முற்பணத்துக்கும் விண்ணப்பித்துவிடலாம்.