கசக்கினால் மருந்து கூடுமா?

கேள்வி: அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை இலைப் பொடி தயாரிக்கிறோம். அறுப்புக்கு முன் மரத்தைக் கீறிவிட்டாலோ, பறித்த இலையைக் கசக்கிக் காயவைத்தாலோ மருந்துச் சத்து கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆனாலும் இந்தப் பேச்சு முழுக்கப் பொய்யில்லை.

நிற்கிற செடியில் காயம் பட்டால் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தற்காப்பு ஹார்மோன் சில நிமிடங்களிலேயே ஊறும். அதன் தூண்டுதலில், புழுவை விரட்டும் பொருள்களைச் செடி மணிக்கணக்கில், நாள்கணக்கில் உருவாக்கும். நம்மூர்ப் புகையிலைக் காட்டில் நுனி கிள்ளுகிறார்களே, அதற்குப் பின் வேரில் நிகோடின் உற்பத்தி கூடி இலைக்கு ஏறும். ஆனால் எல்லாப் பயிரிலும் எல்லாப் பொருளும் இப்படிக் கூடாது. முருங்கைப் பட்டையைக் கீறினால் கண்ணெதிரே வருவது பிசின்தான். வெளுப்பாகக் கசிந்து செம்பழுப்பாக இறுகும். காயத்தை மூட மரம் செய்யும் வேலை அது. மூடுவதற்குள் அழுகல் பூஞ்சாணம் உள்ளே போய்விட்டால் கிளையே போய்விடும்.

பறித்த இலையில் நடப்பது வேறு. குளுக்கோமொரிஞ்சின் என்ற பொருளும், அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதியும் இலைக்குள் தனித்தனியே இருக்கின்றன. கசக்கியதும் இரண்டும் கலந்து மொரிஞ்சின் என்ற மருந்துப் பொருள் உண்டாகிறது. பச்சை இலையை மென்றால் ஏறுகிற காரம் அதனால்தான். சத்து புதிதாகக் கூடவில்லை, இருந்தது உருமாறியது. உடனே தின்றால் பலன். கசக்கிக் காயப்போட்டால் அதே காயத்தில் பாலிபீனால்கள் என்ற இலைச் சத்துகள் காற்றுப்பட்டுக் கறுக்கும், வைட்டமின் சி குறையும். விரல் அழுந்திய இடம் காய்ந்தபின் கறுப்புக் கோடாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே, பனி உலர்ந்ததும் கூரான கத்தியால் கொப்பைச் சாய்வாக வெட்டுங்கள். ஒடித்தால் பட்டை கிழியும். சாக்கில் அமுக்கித் திணிக்காதீர்கள். பெரும்பாலான பொடி கெடுவது இங்கேதான்: குவியல் உள்ளே சூடேறி இலை மஞ்சளாகும், உதிரும். கொப்போடு கழுவி, நீர் வடித்து, பிறகு உருவுங்கள். நிழலில் வலைத் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். ஆடிக் காற்றில் சீக்கிரம் காயும், ஆனால் புழுதி படியும். சுற்றிலும் துணி கட்டுங்கள். உலர்த்தும் கருவி வைத்திருந்தால் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்து, இலை கையில் நொறுங்கிய பிறகே அரையுங்கள்.

மிதமான சூட்டில் காய்ந்த இலையில் நொதி முழுக்கச் சாவதில்லை. ஈரம் பட்டதும் மறுபடி வேலை செய்து மொரிஞ்சினை உண்டாக்கும். கொதிக்கிற நீர் அதை அழித்துவிடும். வெதுவெதுப்பான நீரில் கலக்கிச் சில நிமிடம் விட்டுக் குடிக்கும்படி பொட்டலத்திலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.