‘தெரியாது’ என்ற அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடுகளில் வழக்குக்கு எண் இருந்தால் போதாது, ஆளுக்கும் ஓர் எண் வேண்டும் என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொண்டன. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆவணப் பிரிவில் 22 வருடம் உட்கார்ந்தவள். களத்துக்குப் போனவள் அல்ல. குழந்தைகளைவிட அவர்களுடைய கோப்புகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அம்மா, நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஒவ்வொரு புகாருக்கும் வழக்கு எண் போடுகிறோம். அதற்கு மேல் குழந்தைக்கு ஓர் எண், அம்மாவுக்கு ஓர் எண், கூட இருக்கும் மாமாவுக்கு ஓர் எண் என்று தேடித் தேடிப் போடச் சொல்கிறார்கள். ஒரு படிவத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் போகிறது. இது அவசியமா?
— ஒரு புதிய சமூகப் பணியாளர்

அவசியம். அந்த அரை மணி நேரத்தை நானும் திட்டித் தீர்த்திருக்கிறேன், அதனால் உங்கள் எரிச்சல் புரிகிறது.

ஒரு மத்தியானம் என் மேசைக்கு மூன்று கோப்புகள் வந்தன. எழுதியவர்கள் வேறு, மாதங்கள் வேறு. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) முதலாவதில் குழந்தை ஜெயந்தி, ஒன்பது வயது, புகார் சொன்னது வகுப்பு ஆசிரியை. இரண்டாவதில் செயந்தி, எட்டு வயது. கைக்கு மாவுக்கட்டுப் போட்ட மருத்துவமனை அனுப்பியது. மூன்றாவதில், பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள்: ‘பாப்பா, எட்டு ஒன்பது வயசு இருக்கும்.’ மூன்று கோப்புகளுக்கும் கடைசி வரி ஒன்றேதான். ‘முதல் முறை என்பதால் அறிவுரை கூறி முடிக்கப்பட்டது.’

ஒரே வருடத்தில் மூன்று முதல் முறை!

இரண்டாவதை அம்மாவின் போன் நம்பர் காட்டிக்கொடுத்தது. மூன்றாவதைக் காட்டிக்கொடுத்தது ஒரு நூல். முதல் கோப்பை எழுதியவரும் மூன்றாவதை எழுதியவரும், தேவையே இல்லாமல், குழந்தையின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கக் காம்பு நீல நூலால் கட்டியிருந்தது என்று குறித்திருந்தார்கள். அது இல்லையென்றால் எனக்கும் தெரிந்திருக்காது. ஒரு குழந்தையின் கதை நீல நூலை நம்பி இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கட்சி.

வழக்கு எண் ஒரு சம்பவத்தின் எண். சம்பவம் முடிந்ததும் அது அலமாரிக்குப் போய்விடும். ஆளின் எண் அடுத்த புகாரிலும் அதே எண்ணாக வந்து நிற்கும். அமெரிக்காவில் குழந்தை வன்கொடுமை, புறக்கணிப்பு பற்றி மாநிலங்கள் தரும் தகவல்களைத் தொகுக்கும் தேசிய அமைப்பு, பாதிக்கப்பட்ட குழந்தைகளை இரண்டு விதமாக எண்ணுகிறது. ஒரு குழந்தை ஒரே ஆண்டில் இரண்டு புகார்களில் பாதிக்கப்பட்டது உறுதியானால், ஒரு கணக்கில் இரண்டு, இன்னொரு கணக்கில் ஒன்று. இரண்டு கணக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் திரும்பத் திரும்ப அடிபடுகிற குழந்தைகள் இருக்கிறார்கள். ஆள் எண் இல்லாத அலுவலகத்துக்கு அந்த இடைவெளி கண்ணில் படவே படாது.

மாமாவுக்கு எதற்கு என்று கேட்டீர்கள். அவர் நாளைக்கு வேறு வீட்டில், வேறு குழந்தையோடு குடியிருப்பார். அதற்குத்தான்.

மேடம், நான் சாஃப்ட்வேர் துறையில் இருக்கிறேன். திரும்ப வராத எண்ணை உருவாக்குவது ஒரு வரி கோட். இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறீர்கள்?
— ஒரு வாசகர்

எண் போடுவது ஒரு வரிதான் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ‘இந்த ஆளுக்கு நாம் ஏற்கெனவே எண் கொடுத்திருக்கிறோமா?’ என்பதற்குத்தான் ஒரு வரியில் பதில் கிடையாது.

இது பழைய தலைவலி. 1946இல் ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அதிகாரி, உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்க்கைப் புத்தகம் இருக்கிறது, பதிவுகள்தான் அதன் பக்கங்கள், அவற்றை ஒரு தொகுதியாகச் சேர்ப்பதற்குப் பெயர் ஆவண இணைப்பு என்ற பொருளில் எழுதினார். 1969இல் கனடாவில் ஃபெலேகி, சன்டர் என்ற இருவர் அதைக் கணக்காகவே போட்டுவிட்டார்கள். பெயர் பொருந்தினால் இவ்வளவு எடை, பிறந்த தேதி பொருந்தினால் இவ்வளவு, பொருந்தாவிட்டால் இவ்வளவு குறை. கூட்டி வருவதைப் பார்த்து மூன்று முடிவு: அதே ஆள், வேறு ஆள், சந்தேகம். இந்த மூன்றாவது கூடைதான் எனக்கு 22 வருடம் சம்பளம் கொடுத்தது.

ஒலியை வைத்துப் பெயர் தேடும் சவுண்டெக்ஸ் முறைக்கு 1918லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை இலக்கங்களாகச் சுருக்கும். ஆங்கில எழுத்துக்கு என்று செய்தது அது. தமிழில் பதிவு செய்கிறவர்கள் ல, ள, ழ ஒரு கட்டு; ர, ற ஒரு கட்டு; ந, ன, ண ஒரு கட்டு; ச, ஜ, ஸ, ஷ ஒரு கட்டு என்று தாங்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் எழுத்தையும் கட்டுக்குள் போட வேண்டும். இல்லையென்றால் ஜெயந்தியும் செயந்தியும் கடைசிவரை சந்திக்கவே மாட்டார்கள்.

இப்போது உங்கள் ஜாதிக்காரர் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். (சாஃப்ட்வேர் ஜாதியைச் சொன்னேன்.) படிவத்தில் தந்தை பெயர் கட்டாயம், காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது என்று வைத்துவிட்டார். பணியாளர்கள் என்ன செய்வார்கள்? ‘தெரியாது’ என்று அடித்தார்கள். கணினி சமர்த்தாகத் திரு. தெரியாதுக்கு ஓர் எண் ஒதுக்கியது. அடுத்தடுத்து வந்த தெரியாதுகளை எல்லாம் அந்த எண்ணிலேயே சேர்த்துக்கொண்டே போனது. நான் கவனித்தபோது அந்த மனிதருக்கு நூற்றுக்கும் மேல் பிள்ளைகள். அதுவரை யாருக்கும் உறுத்தவில்லை. ஒருநாள் ஏதோ ஒரு குழந்தையின் கோப்பைத் திறந்தவுடன், ‘தந்தை மீது முந்தைய வன்முறைப் புகார் உள்ளது’ என்று சிவப்பில் எச்சரிக்கை வந்தது. நூறு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே அப்பா, ஒரே குற்றம்.

பிறந்த தேதியும் இப்படித்தான். தேதி தெரியாத குழந்தைகளுக்கு எல்லாம் ஜனவரி 1 போட்டு வைப்பார்கள். பிறகு கணினி, ‘அதே தேதி, அதே பெயர், ஒரே ஆளாகத்தான் இருக்கும்’ என்று பரிந்துரைக்கும். தோராயமான தேதி என்று குறிக்க ஒரு கட்டம் வையுங்கள். ‘தெரியவில்லை’ என்பதைப் பெயராக அல்லாமல் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். பிறந்து இரண்டு நாளான, பெயரே வைக்காத குழந்தைக்கும் எண் கொடுக்க இடம் இருக்கட்டும்.

ஒருவருக்கு இரண்டு எண் விழுந்தால் தகவல் பிரிந்துபோகும், அது தப்பு. ஒரே எண்ணில் இரண்டு பேர் ஏறினால் அது ஆபத்து. இரட்டைச் சகோதரிகள் இருவரின் பதிவை ஒன்றாக்கிவிட்டார்கள் ஒருமுறை. அதே அம்மா, அதே முகவரி, அதே பிறந்த நாள், பெயரில் கடைசி எழுத்து மட்டும் வேறு. பாட்டியிடம் அனுப்பலாம் என்று ஒருத்திக்கு வந்த உத்தரவு இருவருக்கும் பொதுவாகிவிட்டது. பிரித்து எடுக்க ஆறு வாரம் ஆயிற்று, ஏனென்றால் சேர்க்கும்போது பழைய எண்ணை அழித்துவிட்டார்கள். அழிக்கவே கூடாது. பழைய எண் புதிய எண்ணைச் சுட்டிக்கொண்டு அங்கேயே இருக்கட்டும். யார் சேர்த்தார், எந்த ஆதாரத்தில் சேர்த்தார் என்றும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எண்ணின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் (மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு வருவது) சேர்க்க மறந்துவிடாதீர்கள். 1969இல் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர் சொன்ன முறை, ஓர் இலக்கம் தவறாக அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு, அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டைப் அடிப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

புகார் கொடுத்தவருக்கும் எண் உண்டா?
— பெயர் வேண்டாம்

அந்த வழக்குக்குள் குறிப்பு உண்டு. குடும்பத்தோடு இணையும் ஆள் பட்டியலில் கூடாது. குடும்பம் தன் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கும்போது, பெயரை மறைத்துவிட்டு எண்ணை விட்டுவைத்தால், மூன்று இடத்தில் அதே எண்ணைப் பார்த்தவர்கள் அது மாடி வீட்டுக்காரர்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தனிப் பெட்டி, தனிப் பூட்டு.

பிறந்ததும் அரசாங்கம் கொடுக்கும் எண்ணையே இதற்கும் வைத்துக்கொண்டால் என்ன? எதற்கு இன்னொன்று?
— ஓய்வு பெற்ற ஆசிரியர்

ஐயா, பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. சுவீடன் 1947லேயே எல்லோருக்கும் தனி எண் கொடுத்துவிட்டது. ஆனால் அந்த எண்ணிலேயே பிறந்த தேதி இருக்கிறது. நார்வேயின் 11 இலக்க எண்ணிலும் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதிதான். எண்ணைப் பார்த்தாலே ஆளைப் பற்றி ஏதோ தெரிந்துவிடுகிறது. பாதுகாப்புப் பதிவேட்டின் எண் ஊமையாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். வயது, பாலினம், ஊர், எதுவும் அதில் தெரியக் கூடாது.

தவிர, நம்மிடம் வரும் குழந்தைகளில் பலருக்கு அந்த எண்ணே இருக்காது. பிறந்ததும் பதிவு செய்யப்படுவது குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்யாமல் விட்ட குழந்தைதான் பெரும்பாலும் பாதுகாப்பு இல்லாத குழந்தை. எண் இருந்தால் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளலாம், ஆளைக் கண்டுபிடிக்க உதவும். அதையே பதிவேட்டின் சாவியாக, அது இல்லாமல் கோப்பே திறக்காது என்ற மாதிரி வைக்காதீர்கள்.

இங்கிலாந்தின் கதையையும் சொல்ல வேண்டும். விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, கவனித்துக்கொள்ள வேண்டிய, பாட்டி முறையான உறவினரிடமே சித்திரவதைப்பட்டு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் இறந்தாள். அவளை நான்கு சமூக சேவைத் துறைகளுக்குத் தெரியும், இரண்டு மருத்துவமனைகளுக்குத் தெரியும், போலீஸின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புக் குழுக்களுக்குத் தெரியும். ஆனால் அத்தனை கோப்பிலும் அவள் பெயர் அன்னா. வேறொரு குழந்தையின் பாஸ்போர்ட்டில் கூட்டி வந்திருந்தார்கள். லார்டு லேமிங் விசாரணை அறிக்கை 2003இல் வந்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழிசெய்து, நாட்டுக் குழந்தைகள் எல்லோருக்குமாக கான்டாக்ட்பாயின்ட் என்ற பதிவேட்டை 2009இல் தொடங்கினார்கள். இத்தனை பேர் பார்க்கக்கூடிய இடத்தில் எல்லாக் குழந்தைகளின் விவரமுமா என்று எதிர்ப்பு வந்து, 2010 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள்.

எண் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அன்னா என்ற பெயரில் அழகான ஓர் எண் கிடைத்திருக்கும். கோப்பைத் திறந்து படித்து, வீட்டுக் கதவைத் தட்டுவதை எந்த எண்ணும் செய்யாது. என் தொழிலைப் பற்றி நானே இப்படிச் சொல்லலாமா தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

அக்கா, நான் ஏழு வயதிலிருந்து பதினெட்டு வரை இல்லத்தில் வளர்ந்தவள். இப்போது எனக்கு 26 வயது, பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம். இல்லத்தில் என் உடுப்பிலும் தட்டிலும் 41 என்று எழுதியிருக்கும். நீங்கள் எண் எண் என்று எழுதியதைப் படித்து அன்றைக்குத் தூங்கவில்லை. என் எண் என் மகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?
— 41

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன்மா. போன இதழில் அந்த வரியை எழுதும்போது எனக்கு அலமாரி மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

தட்டில் எழுதும் எண் வேறு. அது பெயருக்குப் பதிலாக வைத்தது. பதிவேட்டு எண்ணை உங்களை யாரும் வைத்துக் கூப்பிடக் கூடாது. உங்களுக்கே அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

உங்கள் மகளுக்கு என்று யாராவது புகார் கொடுத்தால் தவிர அவளுக்குப் பதிவே கிடையாது. அப்படி வந்தால் அவளுக்குப் புது எண். தாய் என்ற இடத்தில் உங்கள் பழைய எண் வரும், அதை நான் மறைக்க மாட்டேன். அங்கேதான் மோசமான அலுவலகமும் நல்ல அலுவலகமும் பிரிகின்றன. நான் சேர்ந்த காலத்தில் ஆளுக்கே பங்கை ஒட்டிவைத்திருந்தார்கள்: குழந்தை என்றால் எண்ணுக்கு முன்னால் கு, சந்தேக நபர் என்றால் ச. சின்ன வயதில் அடிபட்டவர் பெரியவரானதும் எந்த எழுத்து என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. சரியான முறை, எழுத்தை எண்ணிலிருந்து கழற்றி, அந்தந்த வழக்கோடு வைப்பது. அப்போதுதான் உங்கள் கோப்பைத் திறப்பவர், ‘இவர் அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தை, ஏழு வயது’ என்று படிப்பார். ‘ஏற்கெனவே பதிவில் உள்ளவர்’ என்று மட்டும் படித்தால் உங்களைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

எழுதிக் கொடுத்து உங்கள் கோப்பின் நகலைக் கேளுங்கள். வந்ததும் மற்ற பக்கங்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம். தனியாக உட்கார்ந்து படிக்கவும் வேண்டாம், யாராவது கூட இருக்கட்டும். முதல் பக்கத்தில் உங்கள் பெயருக்கு நேரே பங்கு என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். ‘குழந்தை’ என்று இருந்தால் சரி. வேறு எது இருந்தாலும், அல்லது காலியாக இருந்தாலும், எனக்கு எழுதுங்கள். திருத்தக் கேட்கும் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். கடிதத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள்மா. இங்கே அச்சில் வராது.