மகள் சுகாதாரத் தகவல் துறைக்குப் போகட்டுமா? கோபிச்செட்டிபாளையம் அப்பாவுக்குப் பதில்

வணக்கமுங்க ஐயா.

பாப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். கேம்பஸில் ஐடி கம்பெனி வந்தாலும் போக மாட்டேன், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு சாஃப்ட்வேர் செய்யப் போகிறேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதானுங்க, நல்ல வேலை. ஆனால் பாதி நேரம் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு ஆட்களோடு உட்கார வேண்டியிருக்கும். அதற்கு அவளுக்குப் பொறுமை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 1994-இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபோது 14 சுகாதாரத் துறைகள் தனித்தனியாக இயங்கி வந்தன. ஆளுக்கொரு படிவம். அப்போது கேப் டவுனில் நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தாரும் உள்ளூர் ஆய்வாளர்களும் சுகாதார ஊழியர்களையே கூட்டி வைத்து, எந்தக் கணக்கு நிஜமாகத் தேவை, எது வீண் என்று கேட்டுக் கேட்டுக் குறைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் டிஎச்ஐஎஸ் என்ற சாஃப்ட்வேர், சுகாதார நிலையங்களின் கணக்குகளைப் பதிந்து தொகுத்துப் பார்க்க உதவுவது. அதன் இரண்டாம் பதிப்பான டிஎச்ஐஎஸ்2 2006-இல் முதலில் நடைமுறைக்கு வந்தது நம் பக்கத்துக் கேரளாவில். இப்போது 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடுகிறது.

வேலை செய்பவர்களையே கேட்டு உருவாக்கும் இந்த வழிமுறைக்கு வேர் 1970களின் நார்வே. ஆலைக்கு வரும் கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தொழிலாளிக்கும் பேச்சுரிமை வேண்டும் என்று அங்கே உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து உழைத்தவர் கிறிஸ்டன் நிகார்ட். பாப்பா படிக்கும் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்குக்கு அடித்தளமான சிமுலா மொழியை உருவாக்கிய இருவரில் அவரும் ஒருவர். அவளிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். கர்ப்பம் பதிவாவது பெருந்துறையில் மாமியார் வீட்டுப் பக்கம். பிரசவம் நடப்பது அந்தியூரில் அம்மா வீட்டுப் பக்கம். திரையில் ஒரே ஒரு முகவரிக் கட்டம் இருந்தால் எந்த ஊர் கிராம சுகாதார செவிலியர் அந்தப் பெண்ணைத் தேடிப் போவார்? ரத்த அழுத்தம் ஏறியிருந்த விவரம் யாரிடம் போய்ச் சேரும்? திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்து வந்த பெண் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. பர்கூர் மலையில் டவர் கிடைக்காத இடத்தில் நோட்டில் எழுதி வைத்து, கீழே இறங்கிய பிறகு அதையே மறுபடி போனில் ஏற்ற வேண்டியிருந்தால், அந்த ராத்திரி வேலைக்கு யார் பொறுப்பு? இதையெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாதுங்க. செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பெரிய பதிவேட்டைப் புரட்டும்போது எந்தப் பக்கத்தில் துண்டுச் சீட்டு செருகி வைத்திருக்கிறார் என்று கவனித்தால்தான் தெரியும்.

அதிலும் ஒரு சங்கடம் உண்டு. மருத்துவ அலுவலர் அதே அறையில் இருந்தால் செவிலியர் பலர் "நல்லாத்தான் இருக்குங்க சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களைத் தனியாகப் பேசவைக்கத் தெரிந்த பெண்ணுக்கு இந்தத் துறையில் மதிப்பு அதிகம். புரோகிராம் எழுத ஆயிரம் பேர் கிடைப்பார்கள்.

சம்பளத்தை மறைக்காமல் சொல்கிறேன். பெரும்பாலும் திட்டம் சார்ந்த ஒப்பந்த வேலைகள். நிதி நின்றால் வேலையும் நிற்கும். தொடக்கச் சம்பளம் ஐடியைவிடக் குறைவாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் கேம்பஸ் வாய்ப்பு வந்தால் வாங்கிக்கொள்ளட்டும். இரண்டு வருஷ அனுபவமும் கையில் கொஞ்சம் காசும் இருந்தால் பிறகு துணிந்து மாறலாம். கடன் வாங்கி இப்போதே நார்வேக்கு அனுப்ப வேண்டாம். 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகும் மாணவர்களுக்கு அங்கே கல்விக் கட்டணம் உண்டு.

இந்த லீவிலேயே தொடங்கலாம். டிஎச்ஐஎஸ்2-க்கு இணையத்தில் இலவச அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. பழகிப் பார்க்க மாதிரித் தளமும் உண்டு. ஜாவாவும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் நன்றாகத் தெரிந்திருக்கட்டும். அதோடு, அவளுடைய பெரியம்மா கிராம சுகாதார செவிலியர் என்று எழுதியிருக்கிறீர்களே, அனுமதி கேட்டு ஒரு தடுப்பூசி நாளில் அவரோடு அனுப்பி வையுங்கள். தாய்மார்களின் பெயரோ விவரமோ எதையும் போட்டோ எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். சாயங்காலம் வந்து என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பா, வேலையா என்று அதன் பிறகு பேசிக்கொள்ளலாமுங்க.