ஒரே ஃபைலுக்கு மூன்று பெயர்: டிபக்கர் பேட்ச் ரிவ்யூ, கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் நிரல் எழுதுகிறவர்கள் சேர்ந்திருக்கும் எங்கள் குழுவில் இந்த வாரம் ஒரு பேட்ச், அதாவது நிரலில் செய்யும் மாற்றங்களின் தொகுப்பு, பேச்சுக்கு வந்தது. ஜிடிபி வகை டிபக்கர் (ஓடும் புரோகிராமை நிறுத்திப் பிழை தேடும் கருவி) ஒன்றில் ஃபைல் பெயர்களைக் கையாளும் பழைய சி மொழிப் பாணி நிரலை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கிளாஸுக்குள் கொண்டுவரும் ரிஃபாக்டரிங் (செயல் மாறாமல் நிரலைச் சீரமைப்பது) அது. "நடத்தையில் மாற்றம் எதுவும் இல்லை" என்று மேலேயே எழுதியிருந்தார்கள். இதை எப்படி ரிவ்யூ செய்வது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: அக்கா, ஃபைல் பெயர் ஒரு ஸ்ட்ரிங் (எழுத்து வரிசை) தானே? ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் நல்லதுதானே?

நல்லதுதான், தம்பி. ஆனால் டிபக்கருக்குள் அது ஒரு பெயர் இல்லை, மூன்று பெயர். /வேலை/பில்ட் என்ற ஃபோல்டரில் நின்றுகொண்டு ../கணக்கு/வட்டி.சி என்ற ஃபைலை கம்பைல் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிபக் தகவலில் கம்பைலர் இரண்டு விஷயத்தைப் பதிந்து வைக்கும்: நீங்கள் கொடுத்த பெயர் அப்படியே, அதோடு கம்பைல் நடந்த ஃபோல்டர். இது முதல் பெயர், பதிவுப் பெயர். கம்பைல் ஆகி வந்த பைனரியை உங்கள் லேப்டாப்புக்குக் கொண்டுவந்தால் அங்கே சோர்ஸ் (எழுதிய மூல நிரல்) வேறெங்கோ இருக்கும். அதைத் திறக்கத் தேடிக் கண்டுபிடிக்கும் முழுப் பாத் இரண்டாவது. திரையில் காட்டுவது மூன்றாவது. ஜிடிபியில் ஃபைல்நேம்-டிஸ்ப்ளே என்ற செட்டிங்கே இதற்கு இருக்கிறது. ரிலேட்டிவ், பேஸ்நேம், அப்சல்யூட் என்று மூன்று விதம், ரிலேட்டிவ்தான் இயல்பு.

இந்த மூன்றையும் "கெட்_நேம்" என்ற ஒரே ஃபங்ஷனாக்கிவிட்டால் கோட் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒப்பிட வேண்டிய இடத்தில் காட்டுவதற்கான பெயர் போய் உட்காரும், பிரேக்பாயிண்ட் (புரோகிராமை நிறுத்தச் சொல்லும் இடம்) விழாது. அதனால் மாறிய ஒவ்வொரு வரியிலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த ஸ்ட்ரிங் அடையாளம் காணவா, திறக்கவா, காட்டவா? இந்தப் பேட்சில் பதில் தெளிவாக இல்லாத இடங்கள் பல இருக்கின்றன. என் முக்கிய ஆட்சேபம் அங்கேதான்.

கானாடுகாத்தான்: எல்லாப் பெயரையும் ரியல்பாத் (ஒரு பாத்தின் உண்மையான முழு வடிவைத் தரும் ஃபங்ஷன்) போட்டு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் குழப்பமே வராதே?

உங்கள் ஊர் வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், கட்டு கட்டாகப் பின்னால் போய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். எந்தத் தெருவைச் சொல்லி வந்தாலும் அதே வீடுதான். சிம்லிங்க்கும், அதாவது ஒரு ஃபைலுக்கோ ஃபோல்டருக்கோ வைக்கும் மாற்று வழிப் பெயரும், அப்படித்தான். இரண்டு பாத்தும் ஒரே ஃபைல் என்று கண்டுபிடிக்க ரியல்பாத் உதவும், உண்மை. ஆனால் ஒருவர் பின்தெருப் பெயரைச் சொல்லி பிரேக்பாயிண்ட் கேட்டால் அந்தப் பெயராலும் அது கிடைக்க வேண்டும். பதிவுப் பெயரை அழித்துவிட்டு ரியல்பாத்தை மட்டும் வைத்தால் அந்த வழி அடைந்துபோகும்.

இன்னும் மூன்று சிக்கல் இருக்கிறது. ரியல்பாத் வேலை செய்ய ஃபைல் இந்த மெஷினில் இருந்தாக வேண்டும். வேறு இடத்தில் பில்ட் ஆன பைனரிக்கு அது இருக்காது. அடுத்தது வேகம். பாத்தின் ஒவ்வொரு படிக்கும் சிஸ்டத்தைக் கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான சோர்ஸ் ஃபைல் உள்ள புரோகிராமில், அதுவும் நெட்வொர்க் டிஸ்க்கில், திறக்கும்போதே டிபக்கர் திணறும். அதனால்தான் ஜிடிபி முழுப் பாத்தைத் தேவைப்படும்போது மட்டும் கண்டுபிடித்து வைத்துக்கொள்கிறது. தேடும்போதும் இயல்பாக முதலில் பாத்தின் கடைசித் துண்டை மட்டும் ஒப்பிட்டு, அது பொருந்தினால்தான் மேலே போகும். சிம்லிங்க்கால் கடைசித் துண்டே மாறும் என்கிற இடங்களுக்காக பேஸ்நேம்ஸ்-மே-டிஃபர் என்ற செட்டிங் தனியாக இருக்கிறது. நம் பேட்சில் முழுப் பாத்தைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே, அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போதே, கண்டுபிடிக்கிறார்கள். இதை ஏற்கக் கூடாது.

மூன்றாவது, ".." (ஒரு படி மேலே உள்ள ஃபோல்டர்) விஷயம். "அ/../ஆ" என்பதை எழுத்தளவில் சுருக்கி "ஆ" என்று எழுதும் ஒரு ஃபங்ஷன் பேட்சில் இருக்கிறது. "அ" ஒரு சிம்லிங்க்காக இருந்தால் ".." போவது அந்த லிங்க் காட்டும் ஃபோல்டரின் தாய் ஃபோல்டருக்கு. சுருக்கிய பாத் வேறு ஃபைலைக் காட்டலாம், அல்லது இல்லாத ஃபைலை.

பள்ளத்தூர்: வட்டி.சி என்ற பெயரில் இரண்டு ஃபோல்டரில் ஃபைல் இருந்தால் பிரேக்பாயிண்ட் எங்கே விழும்?

இரண்டிலும். 1.1, 1.2 என்று ஒரே பிரேக்பாயிண்டுக்கு இரண்டு இடம் காட்டும். ஒன்று மட்டும் போதும் என்றால் கணக்கு/வட்டி.சி என்று சேர்த்துக் கொடுக்கலாம், வால் பக்கமிருந்து ஒப்பிடும். வால் என்றாலும் துண்டு துண்டாகத்தான்: வட்டி.சி என்று கேட்டால் கூட்டுவட்டி.சி பொருந்தக் கூடாது, முன்னால் ஃபோல்டர் பிரிக்கும் சாய்கோடு இருக்க வேண்டும். புது நிரலில் "எண்ட்ஸ்_வித்" (இந்த எழுத்துகளில் முடிகிறதா என்று பார்ப்பது) ஒன்றை மட்டும் போட்டிருக்கிறார்கள், அந்தச் சாய்கோட்டைச் சரிபார்க்கவில்லை. நடத்தை மாறாது என்று சொன்ன பேட்சில் நடத்தை மாறிய இடம் இது.

கோட்டையூர்: சப்ஸ்டிட்யூட்-பாத் விதிக்கும் (பதிவான பாத்தின் முன்பகுதியை வேறொன்றாக மாற்றித் தேடச் சொல்வது) இந்த ஆபத்து உண்டா?

உண்டு, அங்கே முன்பக்கத்தில். /வேலை/கணக்கு என்பதை மாற்றச் சொன்ன விதி /வேலை/கணக்கு/வட்டி.சி என்ற பாத்தில் வேலை செய்ய வேண்டும், /வேலை/கணக்குப்பிள்ளை/வட்டி.சி என்பதைத் தொடவே கூடாது. ஃபோல்டர் எல்லையில் முடிந்தால்தான் விதி பொருந்தும் என்று ஜிடிபி கையேடே சொல்கிறது. பாத்தின் நடுவிலும் பொருந்தாது.

புதுவயல், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு: சார்ஸ்டார் (சி பாணி ஸ்ட்ரிங் பாயிண்டர்) எல்லாம் போய் எஸ்டிடி ஸ்ட்ரிங் (சி++ மொழியின் ஸ்ட்ரிங் வகை) வருவது நிச்சயம் நல்லதுதானே, அக்கா?

பொதுவாக நல்லதுதான். மெமரியை யார் விடுவிப்பது என்ற கேள்வி ஒழியும், நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் பழைய நிரலில் நல் பாயிண்டர் (எதையும் சுட்டாத பாயிண்டர்) ஒரு தகவல். "கம்பைல் ஃபோல்டர் பதிவாகவே இல்லை" என்று அர்த்தம். காலி ஸ்ட்ரிங் வேறு விஷயம். மாற்றும்போது இந்த வித்தியாசம் தொலையும். நல் பாயிண்டரிலிருந்தே எஸ்டிடி ஸ்ட்ரிங் உருவாக்கினால் அது மொழி விதிப்படியே வரையறை இல்லாத செயல். "இல்லை" என்ற நிலை உள்ள இடங்களுக்கு ஆப்ஷனல் (மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்ற வகை) கேளுங்கள்.

அப்புறம் இந்த வரியைப் பாருங்கள், பேட்சிலிருந்தே எடுத்தது: இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒரு ஸ்ட்ரிங் திருப்பித் தரும் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அதே வரியில் சி_ஸ்ட்ர் மூலம் அதன் எழுத்துகள் இருக்கும் முகவரியை எடுத்து ஒரு பாயிண்டரில் வைக்கிறார்கள். வரி முடிந்ததும் அந்தத் தற்காலிக ஸ்ட்ரிங் போய்விடும், பாயிண்டர் காற்றில் நிற்கும். கம்பைல் ஆகும், பல நேரம் ஓடவும் செய்யும். மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரோடு பில்ட் செய்து டெஸ்ட் ஓட்டினால் பிடிபடும்.

இன்னொன்று. பெயரைக் கொண்டு தேடும் பழைய ஹேஷ் டேபிள் ஃபைல் பெயருக்கென்றே உள்ள ஒப்பீட்டு ஃபங்ஷனைப் பயன்படுத்தியது. விண்டோஸில் பெரிய, சிறிய எழுத்தையும் இரண்டு விதச் சாய்கோட்டையும் அது ஒன்றாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக வந்த அன்ஆர்டர்ட் மேப் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும். லினக்ஸில் எல்லா டெஸ்ட்டும் பாஸ், விண்டோஸில் ஃபைல் கிடைக்காது.

காரைக்குடி, பள்ளி ஆசிரியர்: பிள்ளைகள் ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கிறார்கள். டிபக்கரில் சிக்கல் வருமா?

நல்ல கேள்வி, ஐயா. லினக்ஸுக்குப் பெயர் என்பது பைட் வரிசை மட்டும். "கோப்பு" என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். முதல் வகையில் யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) கணக்கில் 18 பைட், இரண்டாவதில் 21. கண்ணுக்கு ஒன்றேதான், ஒப்பிட்டால் வேறு. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அங்கே சுருட்டிய ஆர்க்கைவை லினக்ஸில் விரித்து, கீபோர்டில் பெயரைத் தட்டினால் ஃபைல் இல்லை என்று வரலாம். ஒகரம், ஔகாரம் வரும் பெயர்களுக்கும் இதே கதை.

பேட்ச் இதைச் சரிசெய்ய முயலவில்லை, முயலவும் வேண்டாம். லினக்ஸில் இரண்டு வடிவமும் ஒரே ஃபோல்டரில் தனித்தனி ஃபைலாக இருக்க முடியும். டிபக்கர் சத்தமில்லாமல் ஒன்றாக்கினால் தவறான ஃபைலைக் காட்டும்.

கண்டனூர்: டுவார்ஃப் 5 (டிபக் தகவலை எழுதும் வடிவத்தின் ஐந்தாம் பதிப்பு) வந்ததால் என்ன மாறியது?

டுவார்ஃப் 5 வெளியானது 2017ல். 2021ல் வந்த ஜிசிசி 11 கம்பைலர் முதல் பெரும்பாலான இடங்களில் அதுவே இயல்பு. நமக்கு முக்கியமானது: இயந்திரக் கட்டளையையும் சோர்ஸ் வரியையும் இணைக்கும் வரி அட்டவணையில், பதிப்பு 4 வரை ஃபைல் எண் 1ல் தொடங்கியது, பதிப்பு 5ல் 0ல் தொடங்குகிறது. புதுக் கிளாஸில் எங்கேயாவது "கழித்தல் ஒன்று" பார்த்தால் எந்தப் பதிப்புக்கு என்று கேளுங்கள். ஒரே புரோகிராமில் இரண்டு பதிப்பும் கலந்து வரும், பழைய லைப்ரரி ஒன்றை லிங்க் செய்தாலே போதும்.

தேவகோட்டை: லினக்ஸிலிருந்து விண்டோஸ் புரோகிராமை டிபக் செய்தால்?

பாத் எந்த மெஷினுடையது என்பதே கேள்வி. டிபக்கர் ஓடும் மெஷினின் விதியை டார்கெட்டின் (டிபக் செய்யப்படும் புரோகிராம் ஓடும் மெஷினின்) பாத்துக்குப் போடக் கூடாது. ஜிடிபியில் டார்கெட்-ஃபைல்-சிஸ்டம்-கைண்ட் இருப்பது இதற்காகத்தான்.

காரைக்குடி: டெஸ்ட் எல்லாம் பாஸ் என்கிறார்களே, போதாதா?

போதாது. அந்த டெஸ்ட்கள் பெரும்பாலும் ஒரே மெஷினில், முழுப் பாத் கொடுத்து கம்பைல் செய்து ஓடுகின்றன. பெயர்ச் சிக்கல் வர அங்கே வழியே இல்லை. பேட்ச் போடுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டி, இரண்டு ரிசல்ட் ஃபைலையும் டிஃப் எடுத்து வித்தியாசம் பாருங்கள். பிறகு கையால் செய்து பாருங்கள்: ரிலேட்டிவ் பாத்தில் கம்பைல் செய்யுங்கள், பைனரியை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், அங்கிருந்து டிபக்கரைத் திறந்து "இன்ஃபோ சோர்ஸ்" கொடுங்கள். சோர்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். எடிட்டரோடு பேசும் எம்ஐ வெளியீட்டில் ஃபைல், ஃபுல்நேம் என்று இரண்டு புலம் வரும். இரண்டும் முன்பு வந்தது போலவே வருகிறதா என்று ஒப்பிடுங்கள். எடிட்டர்கள் சோர்ஸைத் திறக்க ஃபுல்நேமை நம்பி இருக்கின்றன.

புதுவயல்: பேட்ச் நாற்பது ஃபைலைத் தொடுகிறது. எழுதியவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

அவர் உழைப்பு பெரியது, அதை முதலில் சொல்லுங்கள். பிறகு மூன்றாகப் பிரிக்கக் கேளுங்கள்: வெறும் பெயர் மாற்றமும் இட மாற்றமும் ஒன்று, டைப் மாற்றம் இன்னொன்று, நடத்தையைத் தொடுவது கடைசி. முதல் பகுதியை, நிரல் பதிப்புகளை நிர்வகிக்கும் கிட்டில் கலர்-மூவ்ட் போட்டுப் பார்த்தால் நகர்ந்த வரிகள் தனி நிறத்தில் தெரியும், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடியும். "இது தவறு" என்று எழுதாமல் "கூட்டுவட்டி.சி இருக்கும்போது வட்டி.சி என்று கேட்டால் எது கிடைக்கும்?" என்று எழுதுங்கள். அவரே ஓட்டிப் பார்ப்பார். அந்தக் கேள்விக்கான டெஸ்ட்டையும் அதே பேட்சில் சேர்க்கச் சொல்லுங்கள். அது வந்தபின் இரண்டாம் சுற்றை நானும் பார்க்கிறேன்.