“தகுதி இருக்கான்னு மட்டும் பார்ப்போம் அக்கா”: கிரெடிட் கார்டு விற்பவர்களை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: அம்மாவின் வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வங்கிக்குப் போயிருந்தேன். வந்த வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆனால் கிரெடிட் கார்டு எடுக்கச் சொல்லி அங்கிருந்த அதிகாரி எங்களை எழுந்திருக்கவே விடவில்லை. அடுத்த வாரம் எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே ஒரு தமிழ்ப் பையன், “அக்கா, தகுதி இருக்கான்னு மட்டும் பார்ப்போம்” என்று சொல்லி என்னைச் சிங்பாஸில் (அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளச் செயலி) நுழைய வைத்தார். இப்போது கார்டே வீட்டுக்கு வந்துவிட்டது. அழைப்புகளும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் கடன் எடுக்க வேண்டும். மனம் நோகாமல் மறுப்பது எப்படி? வந்த கார்டை என்ன செய்வது? (தெம்பனிஸ் வாசகி, சிங்கப்பூர்)

பதில்: முதலில் ஒன்று. அந்தக் கார்டைச் செயல்படுத்த வேண்டாம். உறையோடு அப்படியே இருக்கட்டும், பிறகு அதற்கு வருகிறேன்.

கடைத்தொகுதியிலும் எம்ஆர்டி வாசலிலும் கார்டு விற்பவர்களில் பலர் வங்கி ஊழியர்களே அல்லர். வங்கிக்காக ஆள் பிடித்துத் தரும் விற்பனை நிறுவனங்களின் ஆட்கள். ஒரு விண்ணப்பம் தேறினால் இவ்வளவு கமிஷன் என்பதுதான் பெரும்பாலும் ஏற்பாடு. “யோசிச்சுச் சொல்றேன்” என்று நீங்கள் நகர்ந்தால் அவருக்கு அன்றைக்குக் காசு இல்லை. கிளைக்குள் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குச் சம்பளம் உண்டு, ஆனால் அவர் தலைமேலும் டார்கெட் இருக்கிறது. ஆகவே இருவரும் எளிதில் விடமாட்டார்கள். அதற்காக அவர்கள்மேல் கோபப்பட வேண்டியதில்லை, இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போடவும் வேண்டியதில்லை.

மறுக்கும்போது நம்மவர்கள் செய்யும் தவறு, காரணம் சொல்வது. “ஏற்கெனவே ரெண்டு கார்டு இருக்கு” என்றால், “இதுல கேஷ்பேக் அதிகம் அக்கா” என்பார். “ஆண்டுக் கட்டணம் கட்டணுமே” என்றால், “முதல் வருஷம் இலவசம், அப்புறம் போன் போட்டுக் கேட்டா தள்ளுபடி பண்ணிடுவாங்க.” “வீட்டுக்காரர்கிட்ட கேட்கணும்” என்றால், “அவருக்கும் ஒரு துணை அட்டை போட்டுடலாம்.” எல்லாக் காரணத்துக்கும் ஒரு பதில் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும். காரணமே சொல்லாவிட்டால் அவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. “வேண்டாம் தம்பி, நன்றி” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நின்று சொன்னால் அது பேச்சுவார்த்தை ஆகிவிடும்.

கிளைக்குள் அப்படி எழுந்து போக முடியாது, உங்கள் வேலை அவர் கையில் இருக்கும். அங்கே உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: “இன்னிக்கு அம்மாவோட வைப்புத்தொகை வேலைக்கு மட்டும்தான் வந்திருக்கேன். கார்டு, காப்புறுதி எதுவும் வேண்டாம்.” மறுபடி ஆரம்பித்தால் அதே வாக்கியத்தை, அதே சொற்களில், சிரித்த முகத்தோடு திரும்பச் சொல்லுங்கள். புதுச் சொல் சேர்த்தால் புதுக் கேள்வி வரும். “கார்டு எடுத்தால்தான் இந்த வேலை நடக்கும்” என்ற தொனியில் பேசினால், “அதை எழுதித் தர முடியுமா?” என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அக்கா, அண்ணே என்று கூப்பிடும்போது வெடுக்கென்று மறுக்க மனம் வராது, உண்மைதான். அந்த மரியாதைக்கு மரியாதையாகத் தம்பி, தங்கச்சி என்று நீங்களும் பேசலாம். விண்ணப்பம் போட்டுத்தான் அதைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்றில்லை.

இப்போது உங்களுக்கு நடந்ததற்கு வருவோம். விற்பவர் கியூஆர் குறியீட்டைக் காட்டுவார், நீங்கள் சிங்பாஸ் செயலியைத் திறப்பீர்கள். திரையில் மைஇன்ஃபோ பட்டியல் (அரசாங்கத்திடம் உள்ள உங்கள் விவரங்கள்) ஒன்று வரும். பெயர், அடையாள எண், முகவரி, மத்திய சேம நிதிச் சந்தா விவரம், வருமான வரி மதிப்பீடு என்று எந்தெந்தத் தகவல் வங்கிக்குப் போகும் என அதில் வரிசையாக இருக்கும். கீழே ‘ஐ அக்ரீ’ பொத்தான். அதை அழுத்தியதும் விண்ணப்பப் படிவம் தானாகவே நிரம்பி வந்து நிற்கும். அப்புறம் கடைசிப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. பல நேரங்களில் “நான் அழுத்தித் தரேன்கா” என்று அவரே உதவி செய்வார். தகுதி பார்க்க இதெல்லாம் தேவையே இல்லை. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 55 வயதுவரை ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. 55ஐத் தாண்டியவர்களுக்கு அது 15,000 வெள்ளி. இதைத் தெரிந்துகொள்ள உங்கள் சம்பளச் சீட்டே போதும்.

விண்ணப்பம் இல்லாமல் வங்கி யாருக்கும் கிரெடிட் கார்டு அனுப்பக்கூடாது. ஆகவே வங்கிக்கு எழுதி, உங்கள் பெயரில் வந்த விண்ணப்பத்தின் நகலையும் அது எந்த வழியாக வந்தது என்பதையும் கேளுங்கள். “தகுதி பார்ப்பதாகச் சொல்லித்தான் சிங்பாஸில் நுழைய வைத்தார்கள், விண்ணப்பம் என்று சொல்லவில்லை” என்று தெளிவாக எழுதுங்கள். நாள், நேரம், இடம், கழுத்தட்டையில் பார்த்த பெயர் நினைவிருந்தால் அதையும் சேருங்கள். அதே கடிதத்தில் கார்டை ரத்து செய்யச் சொல்லி, நிலுவை இல்லை, கட்டணம் இல்லை என்று எழுத்தில் உறுதி கேளுங்கள். உறுதி வந்த பிறகு கார்டை அதன் சில்லுக்குக் குறுக்கே வெட்டிப் போடலாம்.

செயல்படுத்தாத கார்டுதானே, கிடக்கட்டும் என்று விடாதீர்கள். இலவச ஆண்டு முடிந்ததும் ஆண்டுக் கட்டணம் பில்லில் ஏறலாம். பல கார்டுகளுக்கு அது பொருள் சேவை வரியோடு 196 வெள்ளி 20 காசு. கவனிக்காமல் விட்டால் அதன்மேல் தாமதக் கட்டணம், வட்டி. இங்கே கார்டு வட்டி ஆண்டுக்குச் சுமார் 27 விழுக்காடு. 1,000 வெள்ளி நிலுவைக்கு மாதம் 22 வெள்ளிக்கு மேல் வட்டிக்கே போய்விடும்.

அன்பளிப்பாகப் பயணப்பெட்டியோ பற்றுச்சீட்டோ வாங்கியிருந்தால் நிபந்தனைகளைப் படித்துவிட்டு ரத்து செய்யுங்கள். “ஆறு மாசம் கழிச்சு கேன்சல் பண்ணிக்கலாம்” என்பார்கள். குறிப்பிட்ட மாதங்களுக்குள் ரத்து செய்தால் அன்பளிப்பின் மதிப்பைத் திரும்பப் பிடித்துக்கொள்வோம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். சில சலுகைகளில் அந்தக் காலம் ஓராண்டு.

வீட்டுக்கடன் விஷயம். ஒரு கார்டு விண்ணப்பத்தால் கடன் மறுக்கப்பட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு விண்ணப்பத்தின்போதும் வங்கி, கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் ‘கிரெடிட் பியூரோ சிங்கப்பூர்’ நிறுவனத்தில் உங்கள் விவரத்தைப் பார்க்கும், அந்தப் பார்வை பதிவாகும். குறுகிய காலத்தில் நாலைந்து பதிவு விழுந்தால், இவருக்குப் பண நெருக்கடியோ என்று அடுத்த வங்கி நினைக்க இடமுண்டு. அங்கே மதிப்பெண் 1,000 முதல் 2,000 வரை, ‘ஏஏ’ உயர்ந்த தரம், ‘எச்எச்’ கடைசி. புதிதாகக் கடன் வசதிக்கு விண்ணப்பித்தவர்கள், முடிவு வந்த 30 நாளுக்குள் தங்கள் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். உங்களுக்கு இப்போது அந்த வாய்ப்பு இருக்கும், பயன்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கடன் கைக்கு வரும்வரை புதிய விண்ணப்பம் எதுவும் போடாதீர்கள். மொத்தக் கடன் தவணைகள் மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பில் கார்டு நிலுவைக்கான தவணையும் சேரும்.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிமார்களுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டினருக்கு வங்கிகள் தாமே வருமான வரம்பு வைக்கின்றன, பல வங்கிகள் ஆண்டுக்கு 40,000 வெள்ளிக்கு மேல் கேட்கின்றன. தேறாது என்று தெரிந்தும் “போட்டுப் பார்ப்போம்ணே” என்பவர்கள் உண்டு. விண்ணப்பம் தள்ளுபடியானாலும் பியூரோ பதிவு உங்கள் பெயரில்தான் இருக்கும்.

அழைப்புகளுக்கு, விற்பனைக்காக அழைக்கக்கூடாத எண்களைக் கொண்ட ‘டு நாட் கால்’ பதிவேடு இருக்கிறது. 2014 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ளது, பதிவு இலவசம், ஒருமுறை செய்தால் எண்ணை விடும்வரை செல்லும். விற்பனை நிறுவனங்களுக்குப் பட்டியலைச் சரிபார்க்க அவகாசம் உண்டு என்பதால் அழைப்புகள் ஓய மூன்று வாரம்வரை ஆகலாம். இதில் ஓர் ஓட்டை. நீங்களே ஒப்புதல் கொடுத்திருந்தால் பதிவேடு காப்பாற்றாது. கணக்குத் திறந்தபோதும் அதிர்ஷ்டக் குலுக்கல் படிவத்திலும் போட்ட ஒரு டிக், ஒப்புதலாக இருக்கக்கூடும். அதனால் வங்கிக்குத் தனியாக எழுதுங்கள்: “விற்பனைக்காக அழைக்க, குறுஞ்செய்தி அனுப்ப, மின்னஞ்சல் அனுப்ப நான் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன்.” தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை இது. இதற்குப் பிறகும் அழைத்தால் அழைப்புப் பதிவோடு தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் செய்யலாம். வங்கி பெயரைச் சொல்லி ஓடிபி கேட்டால் அது விற்பனை அழைப்பே அல்ல, உடனே துண்டியுங்கள். சந்தேகமாக இருந்தால் மோசடி உதவி எண்ணான 1799இல் கேட்கலாம்.

கார்டே கூடாது என்பது என் கட்சி அல்ல. மாதாமாதம் முழுத் தொகையைக் கட்டுபவருக்கு லாபம் உண்டு. யூஓபி ஒன் கணக்கைப் போல, மாதம் 500 வெள்ளி கார்டில் செலவழித்தால் சேமிப்புக்குக் கூடுதல் வட்டி தரும் ஏற்பாடுகளும் இருக்கின்றன. அதில் சில டெபிட் கார்டுகளும் கணக்கில் சேரும், விற்பவர் பொதுவாக அதைச் சொல்வதில்லை. எடுப்பதென்றால் வீட்டில் உட்கார்ந்து, இணையத்தில் ஒப்பிட்டு, நீங்களே விண்ணப்பியுங்கள். அன்பளிப்பு பெரும்பாலும் சாவடியில் கிடைப்பதைவிடக் குறையாது. கடன் வரம்பையும் குறைத்துக் கேட்கலாம்.

வங்கி உங்கள் புகாருக்கு நான்கு வாரத்தில் சரியான பதில் தராவிட்டால், கட்டணம் பிடித்தது போன்ற பணத் தகராறை நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு மையமான ஃபிட்ரெக்குக்குக் கொண்டுபோகலாம்.

அம்மாவோடு போன அன்று நடந்ததில் இன்னொன்றைச் சரிபாருங்கள். வைப்புத்தொகையைப் புதுப்பிக்கப் போனவர்களிடம் “இதைவிட நல்ல வட்டி” என்று காப்புறுதித் திட்டத்தில் கையெழுத்து வாங்குவது நடக்கிறது. கொண்டுவந்த தாளின் தலைப்பில் வங்கியின் பெயரோடு காப்புறுதி நிறுவனத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆயுள் காப்புறுதிக்குப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள் மறுபரிசீலனைக் காலம் உண்டு. அதற்குள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம்.